அந்தப் பாதி விலையில் எது எது இல்லை?

கேள்வி: எனக்கு 34 வயது. இரண்டு குழந்தைகள். இருவருக்கும் ஒன்றரை வருடம் பால் கொடுத்தேன். இளையவனுக்குப் பால் நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு மார்பகம் வற்றிப்போன மாதிரி ஆகிவிட்டது. மேல்பக்கம் ஒன்றுமே இல்லை, கீழ்ப்பக்கம் தொய்ந்து கிடக்கிறது. நான் ஒல்லியான உடம்பு. கண்ணாடி முன் நிற்கவே பிடிக்கவில்லை. இதற்கென்று மூன்று வருடமாகத் தனியாகப் பணம் சேர்த்திருக்கிறேன். இரண்டு இடங்களில் விசாரித்தேன். முதல் இடத்தில் டாக்டரே அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “இம்பிளான்ட் (மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பை) மட்டும் வைத்தால் சரியாக வராது, தூக்கியும் தைக்க வேண்டியிருக்கும்” என்றார். தொகை அதிகம். இரண்டாவது இடத்தில் ஆலோசகர் என்று ஒருவர்தான் பேசினார். விலை பாதிதான். “ஆயுளுக்கும் தாங்கும், அப்புறம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால்தான் இந்த விலை” என்றார். என் தங்கையோ, “உன் கொழுப்பையே எடுத்து வைக்கலாமே, இயற்கையானது” என்கிறாள். சிலிக்கானா, சலைனா, கொழுப்பா? ஏன் இவ்வளவு விலை வித்தியாசம்? இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று, என் பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, மார்பகப் புற்றுநோய் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதானே?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. பால் கொடுத்து முடித்த பெண்கள் என் எதிரே உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வார்த்தை கிட்டத்தட்ட உங்களுடையதுதான்: “காத்து எறங்கின மாதிரி ஆயிடுச்சு டாக்டர்.” கர்ப்ப காலத்தில் பால் சுரப்பிகள் பெருகி, அவற்றுக்கு இடம் கொடுக்கத் தோலும் விரிகிறது. வேலை முடிந்ததும் சுரப்பிகள் சுருங்கிவிடுகின்றன. விரிந்த தோல் அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. பால் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அப்படி வருந்த வேண்டாம். கர்ப்பத்தில் நடக்கும் விரிவுதான் பெரிய காரணம். பால் கொடுக்காத தாய்மாருக்கும் இது வருகிறது. க்ரீம், மாத்திரை, மசாஜ் எதுவும் இதைத் திருப்பிக் கொண்டுவராது. அவற்றுக்கு உங்கள் சேமிப்பில் ஒரு காசும் செலவிடாதீர்கள்.

நீங்கள் சிலிக்கானா, சலைனா, கொழுப்பா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை முதல் இடத்து டாக்டர் கேட்டுவிட்டார்: உங்களுக்குக் குறைந்திருப்பது அளவா, இறங்கியிருப்பது இடமா, இரண்டுமா? இதை நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் பக்கவாட்டில் நில்லுங்கள். மார்பகம் நெஞ்சோடு சேரும் கீழ் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, காம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காம்பு மடிப்புக்கு மேலே தெளிவாக நின்றால், பெரும்பாலும் இம்பிளான்ட் மட்டுமே போதும். மடிப்புக்கு நேராகவோ அதற்குக் கீழேயோ போயிருந்தால், தூக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை இல்லாமல் நல்ல வடிவம் வருவது கடினம். இம்பிளான்ட் நெஞ்சில் மேலே உட்கார்ந்திருக்கும். உங்கள் சொந்த மார்பகம் அதன்மேல் வழிந்து கீழே தொங்கும். ஏற்கெனவே தளர்ந்த தோலில் எடையை வேறு ஏற்றினால் சில வருடங்களில் அது இன்னும் இறங்கும்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த டாக்டர் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. தூக்கித் தைப்பதில் தழும்பு கூடும்: காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் ஒன்று, அங்கிருந்து நேராகக் கீழே ஒன்று, தளர்ச்சி அதிகமென்றால் மடிப்பை ஒட்டி இன்னொன்று. ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் அவை மங்கும், முழுதாக மறையாது. இதையும் இம்பிளான்டையும் ஒரே நாளில் செய்யலாம், சில மாத இடைவெளியில் இரண்டாகவும் செய்யலாம். ஒன்றாகச் செய்யும்போது ஒரே மயக்கத்தில் வேலை முடியும். ஆனால் ஒரே தோலை ஒரு பக்கம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே மறுபக்கம் இழுத்துத் தைக்கிறோம். அதனால் மறுபடி திருத்த வேண்டிய வாய்ப்பு தனித்தனியாகச் செய்வதைவிடக் கூடுதல். தூக்குவதை மட்டும் செய்துகொண்டு நிறைவாகிவிடுகிற பெண்களும் உண்டு. மேல்பக்க நிறைவு அதில் பெரிதாகக் கிடைக்காது, ஆனால் உள்ளே எந்தப் பொருளும் இருக்காது. இந்த மூன்றாவது வழியையும் அந்த டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

ஆக, இரண்டு இடங்களிலும் உங்களுக்குச் சொன்னது ஒரே பொருளுக்கான இரண்டு விலைகள் அல்ல. ஒரு இடத்தில் இரண்டு அறுவை சிகிச்சைக்குத் தொகை சொன்னார்கள், இன்னொரு இடத்தில் உங்களைப் பரிசோதிக்காமலேயே ஒன்றுக்குச் சொன்னார்கள். விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

சரி, இம்பிளான்டுக்கு வருவோம். சிலிக்கான், சலைன் இரண்டுக்கும் வெளி உறை சிலிக்கான்தான். உள்ளே இருப்பதுதான் வேறு: ஒன்றில் கெட்டியான ஜெல், மற்றதில் உப்பு நீர். சலைன் விலை குறைவு, காலியாக உள்ளே வைத்துவிட்டு அப்புறம் நிரப்புவதால் வெட்டும் சிறியது. அது கசிந்தால் உடனே தெரிந்துவிடும். ஓரிரு நாளில் அந்தப் பக்கம் சுருங்கிவிடும், உப்பு நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். குறை என்னவென்றால், தொட்டால் தண்ணீர்ப் பை போல இருக்கும், ஓரங்களில் சுருக்கம் தெரியும். மேலே போர்த்திக்கொள்ளச் சொந்தச் சதை நிறைய இருப்பவர்களுக்கு அது மறைந்துவிடும். உங்களைப் போல ஒல்லியான உடம்பில், மேல்பக்கம் வெறும் தோலாக இருக்கும்போது, சுருக்கம் வெளியே தெரிய வாய்ப்பு அதிகம். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு ஜெல் வகையைத்தான் நான் முதலில் யோசிப்பேன்.

ஜெல் வகைக்கு வேறொரு பொறுப்பு இருக்கிறது. அதன் உறை கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாமலே போகலாம். ஜெல் கெட்டியாக இருப்பதால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். வலி இருக்காது, வடிவம் மாறாது. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன்தான் வழி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் இப்போதைய பரிந்துரைப்படி, வைத்து 5 அல்லது 6 வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ., அதன்பின் 2, 3 வருடத்துக்கு ஒருமுறை. “அப்புறம் எதுவும் பார்க்க வேண்டியதில்லை” என்று உங்களிடம் சொன்னாரே, அது தவறு. “ஆயுளுக்கும் தாங்கும்” என்றதும் தவறு. அதே நிர்வாகம் 2021 அக்டோபரில் இம்பிளான்டுக்கான விவரக் குறிப்பில் கட்டமிட்ட கட்டாய எச்சரிக்கையைக் கொண்டுவந்தது. அதன் முதல் செய்தியே, இவை ஆயுள் முழுவதும் இருக்கும் சாதனங்கள் அல்ல என்பதுதான். அதோடு ஒரு சரிபார்ப்புப் பட்டியலையும் தயாரித்து, நோயாளியும் டாக்டரும் அதை வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்றது. அழகுக்காக இம்பிளான்ட் வைத்துக்கொள்பவர்களில் 5 பேரில் ஒருவர் வரைக்கும் 8 முதல் 10 வருடத்துக்குள் அதை எடுக்க வேண்டிவருகிறது என்பதும் அவர்கள் சொல்லும் கணக்கு. அதற்காக 10 வருடமானதும் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. தொந்தரவு இல்லாமல், ஸ்கேனில் நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். 20 வருடம் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 34 வயதில் வைத்துக்கொள்ளும் நீங்கள், வாழ்நாளில் குறைந்தது ஒரு மறு அறுவை சிகிச்சையாவது வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும்.

உறையின் மேற்பரப்பிலும் இரண்டு வகை: வழவழப்பானது, சொரசொரப்பானது. இதை நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். சொரசொரப்பான வகையோடு தொடர்புடைய ஓர் அரிதான புற்றுநோய் உண்டு. அது மார்பகப் புற்றுநோய் அல்ல. இம்பிளான்டைச் சுற்றி உடல் கட்டும் உறையில் தோன்றும் ஒரு வகை லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலப் புற்றுநோய். வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்குவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து இம்பிளான்டையும் சுற்றியுள்ள உறையையும் முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். இதனால்தான் அலர்கன் கம்பெனியின் பயோசெல் வகை 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அதே வருடம் ஏப்ரலில் பிரான்ஸ் மிகச் சொரசொரப்பான வகைகளுக்குத் தடை போட்டது. விலையை இறக்க வேண்டுமென்று பழைய சரக்கு எங்காவது உங்கள் உடம்புக்குள் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

இது வெறும் பயம் இல்லை. பிரான்ஸில் பி.ஐ.பி. என்ற கம்பெனி, மருத்துவத் தரம் இல்லாத தொழிற்சாலை சிலிக்கானை நிரப்பி மலிவாக உலகெங்கும் விற்றது 2010-இல் வெளிவந்தது. நிறுவனர் 2013-இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தச் செய்தி வந்தபோது பல பெண்களுக்குத் தங்கள் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனியுடையது என்றே தெரியவில்லை. இப்போதும் என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு அது தெரிவதில்லை. ஆபரேஷன் செய்துகொண்ட இடம் மூடிவிட்டிருக்கும், கையில் ஒரு காகிதமும் இருக்காது. ஒவ்வொரு இம்பிளான்டுடனும் கம்பெனி பெயர், மாடல், அளவு, வரிசை எண் அச்சடித்த ஸ்டிக்கர் வரும். அதை ஒட்டிய அட்டையை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்குங்கள். உங்கள் தங்கையிடமும் அதன் போட்டோ ஒன்று இருக்கட்டும்.

தங்கை சொல்லும் கொழுப்பு முறை நல்ல முறைதான். வயிறு, தொடை போன்ற இடங்களிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, மார்பகத்தில் சின்னச் சின்னத் துளிகளாக ஊசி வழியே வைப்போம். வெளிப்பொருள் இல்லை, தழும்பு மிகச் சிறியது. ஆனால் அந்தத் துளிகளுக்குப் புதிதாக ரத்த ஓட்டம் கிடைக்க வேண்டும். கிடைக்காதவற்றை உடல் கரைத்துவிடும். வைத்ததில் பாதிக்குப் பாதி போய்விடுவது சாதாரணம். ஒரு முறையில் பிராவின் ஒரு கப் அளவு கூடினாலே நல்ல பலன். கூடுதல் வேண்டுமென்றால் இரண்டாம் முறை, அதற்கு இன்னொரு செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் ஒல்லி. இரண்டு பக்கத்துக்கும் போதுமான கொழுப்பை எங்கிருந்து எடுப்பது? இருக்கிற கொஞ்சத்தை இம்பிளான்டின் மேல் ஓரத்தை மெத்தென்று மறைக்கப் பயன்படுத்தலாம், அந்த அளவுக்கு உங்களுக்கு அது உதவும். இயற்கையானது என்பதால் பக்கவிளைவே இல்லை என்று தங்கை நினைத்திருந்தால், அதையும் சொல்லிவிடுகிறேன்: உயிர் பிடிக்காத கொழுப்பு கட்டியாகவோ எண்ணெய்ப் பையாகவோ சுண்ணாம்புத் துகளாகவோ தங்கலாம். பெரும்பாலும் தீங்கில்லை, ஆனால் கட்டி தட்டுப்பட்டால் அது என்னவென்று பார்க்க ஸ்கேனும், சில நேரம் ஊசிப் பரிசோதனையும் வேண்டிவரும். உங்கள் பெரியம்மாவின் கதை தெரிந்தபின் அப்படி ஒரு கட்டி உங்கள் கையில் தட்டுப்பட்டால் நீங்கள் எத்தனை இரவு தூங்க மாட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஊசியிலேயே பெரிதாக்குகிறோம், ஆபரேஷனே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மார்பகத்துக்குள் திரவ சிலிக்கானையோ வேறு ஜெல்லையோ ஊசியால் செலுத்திச் சீரழிந்த மார்பகங்களைச் சரிசெய்வது எங்கள் துறையிலேயே மிகக் கடினமான வேலை.

இம்பிளான்ட் நெஞ்சுத் தசைக்கு மேலா கீழா, வெட்டு எங்கே என்பவை டாக்டரின் கைப்பழக்கத்தையும் உங்கள் உடம்பையும் பொறுத்தவை. ஒல்லியானவர்களுக்கு மேல் பாதியாவது தசைக்குக் கீழே போனால் விளிம்பு மறையும். முதல் நாட்களில் வலி சற்றுக் கூடும். கையை அழுத்தி வேலை செய்யும்போது மார்பகம் அசைவதும் தெரியலாம். வெட்டு பெரும்பாலும் கீழ் மடிப்பில்தான். உங்களுக்குத் தூக்கித் தைக்கவும் வேண்டுமென்றால் அந்த வெட்டின் வழியாகவே இம்பிளான்டையும் வைத்துவிடலாம்.

அளவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிராவின் கப் எண்ணைச் சொல்லிக் கேட்காதீர்கள்; அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாங்கள் சி.சி. (மில்லிலிட்டர்) கணக்கில் பேசுவோம், ஆனால் தோழிக்கு வைத்த அதே சி.சி. உங்கள் உடம்பில் வேறு மாதிரி தெரியும். நாங்கள் முதலில் அளப்பது உங்கள் மார்பகத்தின் அடி அகலம், தோலின் இழுவை, மேல்பக்கச் சதையின் கனம். இந்த மூன்றும் அனுமதிக்கிற எல்லைக்குள்தான் உங்கள் விருப்பம் நிற்க வேண்டும். மாதிரி இம்பிளான்டை பிராவுக்குள் வைத்து, மேலே நீங்கள் வழக்கமாகப் போடும் சட்டையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவே தவித்தால் சிறியதை எடுங்கள் என்பேன். சில டாக்டர்கள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். பெரியது எடுத்திருக்கலாமே என்று பின்னால் ஏங்குகிறவர்கள் உண்டு என்பது அவர்கள் காரணம். ஆனால் இரண்டு கர்ப்பத்தில் விரிந்து தளர்ந்த தோல் உங்களுடையது. அதில் எடை குறைவாக இருப்பதுதான் நீண்ட நாளைக்கு நல்லது.

இப்போது பணம். ஒரு தொகைக்குள் இருக்க வேண்டியவை சர்ஜனின் கட்டணம், மயக்க மருந்து நிபுணரின் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், இரண்டு இம்பிளான்ட், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து, சர்ஜிக்கல் பிரா, அப்புறம் தையல் பார்ப்பதில் தொடங்கி ஒரு வருடம் வரை செக்கப். சொல்லப்படும் தொகையில் இவற்றில் எத்தனை அடங்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் வெளியிடும் சராசரித் தொகைகூட சர்ஜனின் கட்டணம் மட்டும்தான், மயக்க மருந்தும் தியேட்டரும் அதில் சேராது. இணையத்தில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு வந்து, பில்லைக் கண்டு அதிர்ந்துபோகிறவர்கள் இருப்பது இதனால்தான்.

பாதி விலை எங்கே குறைந்திருக்கும்? நல்ல விதமாகக் குறைய ஓரிரு இடம் உண்டு: சலைன் வகை, அல்லது ஒரே நாள் வீடு திரும்பும் எளிமையான மையம். கெட்ட விதமாகக் குறைய நிறைய இடம் உண்டு. தனி மயக்க மருந்து நிபுணர் இல்லாமல் இருக்கலாம். ஆபரேஷன் செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பயிற்சி இல்லாதவராக இருக்கலாம். இம்பிளான்ட் எந்தக் கம்பெனி என்றே சொல்லாமல் இருக்கலாம். முதல் நாள் இரவு உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டால் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோக ஆளும் வசதியும் இல்லாமல் இருக்கலாம். முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் இறுகி வீங்கி வலிப்பது இந்த ஆபரேஷனில் நாங்கள் மிகவும் கவனமாக இருக்கும் விஷயம். உடனே திறந்து சுத்தம் செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் போனை எடுக்க யாரும் இல்லாத இடத்தில் மிச்சப்படுத்திய பணத்தால் என்ன பயன்?

எனவே இரண்டு இடத்திலும் தொகையை எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். எழுத மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடலாம். கூடவே இதையும் கேளுங்கள்: ரத்தம் கட்டினால், கிருமி தொற்றினால், ஒரு பக்கம் இறுகினால், மறு ஆபரேஷனுக்கு யார் எவ்வளவு கொடுப்பது? முதல் வருடத்துக்குள் திருத்தம் தேவைப்பட்டால் சர்ஜன் தன் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிடுவது பல இடங்களில் வழக்கம், ஆனால் தியேட்டரும் மயக்க மருந்தும் உங்கள் கணக்கில் வரும். இம்பிளான்ட் கம்பெனியின் வாரண்டி பெரும்பாலும், உறை கிழிந்தால் புதியது தருவதற்குத்தான். அதை மாற்றி வைக்கும் செலவுக்குக் கொடுக்கும் உதவி வரம்புள்ளது, சில வருடங்களோடு முடிவது. அளவு பிடிக்கவில்லை என்பதற்கு எதுவும் கிடையாது. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்குக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. அதனால் வரும் சிக்கலுக்கும் சில திட்டங்கள் கை விரித்துவிடும். உங்கள் பாலிசியில் அந்த விலக்கு இருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே படித்துப் பாருங்கள்.

உங்கள் மூன்று வருடச் சேமிப்பு முழுவதையும் முதல் ஆபரேஷனிலேயே கரைத்துவிடாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஸ்கேன்களுக்கும், என்றாவது வரும் மாற்று ஆபரேஷனுக்கும் ஒரு பங்கு தனியாக இருக்க வேண்டும். மாற்று ஆபரேஷன் பெரும்பாலும் முதல் ஆபரேஷனைவிட மலிவாக இருக்காது. இம்பிளான்டைச் சுற்றி உடல் கட்டிய பழைய உறையை எடுப்பது, மறுபடி தூக்கித் தைப்பது என்று வேலை கூடலாம். இன்னும் ஒரு வருடம் சேர்த்தால்தான் அது முடியும் என்றால் ஒரு வருடம் பொறுங்கள். இந்த ஆபரேஷனில் அவசரம் என்ற ஒன்றே கிடையாது. இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்வது உங்கள் உடம்புக்காக வைத்த கெடு அல்ல. தவணைக் கடன் கொடுக்கிறார்கள் என்றாலும் வேண்டாம். கடன் பாக்கி இருக்கும்போதே திருத்தம் தேவைப்பட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிவரும். தொலைதூரத்தில் மலிவாகச் செய்கிறார்கள் என்று போவதிலும் இதே சிக்கல்தான். ஆபரேஷன் ஒரு நாள், அதைக் கவனிப்பது பல மாதம்.

ஆபத்துகளில் இதுவரை சொல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன். இம்பிளான்டைச் சுற்றி உடல் மெல்லிய உறை கட்டும், அது எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி மார்பகத்தை இறுக்கும். தொட்டால் கல் போல, முற்றினால் வலியோடு. மறு ஆபரேஷனுக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. காம்பின் உணர்ச்சி குறையலாம், கூடலாம்; பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. சில பெண்கள் இம்பிளான்ட் வைத்தபின் தீராத அசதி, மூட்டுவலி, மறதி என்று சொல்கிறார்கள். இதை உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை இன்னும் இல்லை. ஆனால் எடுத்தபின் பலருக்குத் தணிந்திருக்கிறது, அதனால் நான் அதை மனப்பிரமை என்று ஒதுக்குவதில்லை. தன் எதிர்ப்பு நோய் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) எதுவும் உங்களுக்கு இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தூக்கித் தைக்கும்போது காம்புக்கான ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும், புகை அதை இன்னும் கெடுக்கும்.

ஓய்வைப் பொறுத்தவரை, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்று, ஒன்றரை வாரத்தில் திரும்பலாம். இளையவனைத் தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் இதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாம் வாரமே குழந்தையைத் தூக்கிவிட்டு வலியோடு வருகிற அம்மாக்களை அடிக்கடி பார்க்கிறேன். இறுதி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மூன்றாவது குழந்தை பற்றிய எண்ணம் ஒரு மூலையில் இருந்தாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். இம்பிளான்டோடு பால் கொடுக்க முடிகிறவர்கள் பலர். ஆனால் இன்னொரு கர்ப்பம் இப்போது தைத்த வடிவத்தை மாற்றிவிடும்.

கடைசியாக, போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, பெரியம்மாவைப் பற்றி. கடிதம் முழுவதிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். இம்பிளான்ட் வைப்பதால் வழக்கமான மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரமில்லை, அந்தப் பயம் வேண்டாம். சம்பந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், இம்பிளான்ட் வெள்ளையாகத் தெரிந்து, பின்னால் இருக்கும் திசுவை மறைக்கும். அதனால் வழக்கமான படங்களோடு, இம்பிளான்டை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிட்டு முன்னால் இருக்கும் திசுவை மட்டும் அழுத்தி எடுக்கும் கூடுதல் படங்களும் வேண்டும். படம் எடுப்பவரிடம் இம்பிளான்ட் இருப்பதை ஒவ்வொரு முறையும் நீங்களே சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே அல்ட்ராசவுண்டும், டாக்டர் சொன்னால் மேமோகிராமும் எடுத்து, அந்தப் படங்களை இம்பிளான்ட் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால், அது புதிதா பழையதா என்று சொல்ல அந்தப் படம்தான் உதவும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரியம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, ஒரு பக்கமா இரண்டு பக்கமுமா, அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வேறு யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருக்கிறதா என்று அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். வயதான காலத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் வழக்கமான கண்காணிப்பே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும். 50 வயதுக்கு முன் வந்திருந்தாலோ, இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, மரபணு ஆலோசனைக்கு அனுப்புவார். அதன் முடிவைப் பொறுத்து இந்த ஆபரேஷனைச் செய்வதா, எப்போது, எப்படி என்பதே மாறலாம். அம்மா சொல்லும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, உங்களை அரை மணி நேரம் பரிசோதித்த அந்த முதல் டாக்டரிடம் திரும்பிப் போங்கள். அதுவரை எங்கேயும் முன்பணம் கட்டாதீர்கள்.